விரிசல் பார்க்கும் லொஹ்ராஸ்ப்

என் அக்கா கொல்பஹாரைக் கட்டிய லொஹ்ராஸ்ப் அத்தானுக்கு முழுசாக இருக்கும் எந்தப் பொருளின் மேலும் அக்கறை கிடையாது. விரிசல் விட்டிருந்தால்தான் கிட்டே போவார். தேநீர்க் குவளையில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தால் போதும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க வந்த அன்று அக்காவைப் பார்க்காமல் எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்தவர். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பிடிச்சிருக்கா, செவரு பிடிச்சிருக்கா?" என்று என் சித்தி கேட்டதை அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆனால் அவருக்குச் சோறு போட்டதே அந்தக் கிறுக்குதான். எங்கள் பக்தியாரி இனத்தார் வாழும் மலைகளுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். எண்ணெய் அதற்குள் இருக்கிறது என்பார்கள். கல்லைப் பிழிந்தால் வராது, கல்லில் ஓடும் விரிசல் வழியாகத்தான் வரும். விரிசலைத் தொட்ட கிணறு பீறிட்டு அடிக்கும். அதற்குப் பக்கத்திலேயே தொடாமல் போன கிணறு வெறும் ஓட்டையாகக் கிடக்கும். எனவே எண்ணெய்க் கம்பெனிக்கு விரிசல் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அபாதான் எண்ணெய்க் கல்லூரியில் படித்துவிட்டு வந்த லொஹ்ராஸ்ப் அத்தானுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள்.

நான் கேபிள் லாரியில் வின்ச் ஓட்டுபவன், பெயர் கோத்ரத். கருவியைக் கிணற்றுக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் என் வேலை. கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருப்பதும் என் வேலைதான். கருவி மேலே ஏறும்போது அதன் கைகள் கிணற்றுச் சுவரைத் தடவிக்கொண்டே வரும். மின்சாரம் பாயும் அளவை வைத்து அது சுவரைப் படமாக்கித் தரும். நீளமான காகிதச் சுருள். கல் பழுப்பு, விரிசல் கறுப்பு.

ஒரு நாள் தரையில் விரித்த சாப்பாட்டுத் துணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டாள்: "அப்படி என்னதான் இருக்கு அந்தக் காகிதத்துல? என் மூஞ்சியை இவ்வளவு நேரம் பாத்திருக்கீங்களா?"

அத்தான் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் குறுக்கே சாய்வாகக் கத்தியால் கீறினார். பிறகு தோலை நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு உரித்துத் துணியில் விரித்தார். சாய்ந்த கீறல் இப்போது மேடும் பள்ளமுமாக அலைபோல் கிடந்தது.

"இதான் விரிசல். கிணத்தைக் குறுக்கே வெட்டிட்டுப் போனா படத்துல அலை மாதிரி விழும். இது கடவுள் போட்டது. மலை மடங்கும்போது வந்தது, ரொம்ப தூரம் போகும்."

"அப்ப நேரா இருந்தா?"

"நேரா, மேலிருந்து கீழ, எதிரெதிரா ரெண்டு கோடு விழுந்தா அது நாங்க போட்டது. துளை போடுற அழுத்தத்துல சுவர் வெடிக்கும். தோல் கிழிஞ்ச மாதிரி. உள்ள போகாது."

"சரி, வெள்ளரிக்காயைத் தின்னுங்க" என்றாள் அக்கா. அவளுக்கு அவ்வளவு போதும்.

இந்தக் கதையில் வருகிற வினையெல்லாம் அந்த இரண்டு நேர்கோடுகளால் வந்தது.

அத்தானின் அண்ணன் அல்லாமொராத். பர்தே சியா என்ற கிராமத்தில் இருந்தார். மலைக்கும் மேட்டுக்கும் நடுவே கிண்ணம்போல் இறங்கிய பள்ளத்தில் நாற்பது ஐம்பது வீடுகள், நடுவில் ஒரு கந்தக ஊற்று. ஊற்றில் எப்போதும் லேசாக அழுகிய முட்டை வாடை உண்டு. அங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியாது. அல்லாமொராத் போருக்குப் போய் வந்தவர். சதுப்பு நிலத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, அடிபட்ட மூன்று பேரை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து கரை சேர்த்தவர். அந்த மூவரும் பிறகு வெவ்வேறு முனைகளில் இறந்துபோனார்கள். ஆனால் கதை இறக்கவில்லை. எங்கள் வகையறாவில் ஒரு குழந்தை பயந்து அழுதால், "அல்லாமொராத் வகையறாவா இருந்துகிட்டு அழுவுறியா?" என்றுதான் கேட்பார்கள். அவர் ஒரு வசந்த காலத்தில், கணவாயில் லாரி புரண்டு இறந்தார். போரில் சாகாத மனுஷன், உப்பு மூட்டைக்கு அடியில்.

அந்தச் சமயத்தில்தான் பர்தே சியாவுக்கு மேலே, மேட்டைத் தாண்டிய சரிவில் ஒரு கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். துளையிடும்போது உள்ளே ஊற்றுகிற சேறு திரும்பி மேலே வர வேண்டும். அங்கே வரவில்லை. ஊற்ற ஊற்றக் கிணறு குடித்துக்கொண்டே இருந்தது. அப்படிக் குடித்தால் ஓட்டையை அடைக்க எதையாவது போடுவார்கள். எங்கள் துளையிடும் ரிக்கில் அக்ரூட் ஓடு போடுவது வழக்கம். ஆலையில் உடைத்துச் சல்லடையில் சலித்து, ஒரே அளவில் மூட்டை மூட்டையாக வரும். அதையும் போட்டார்கள். கிணறு அதையும் குடித்தது. ஒரு வழியாக நின்றதும் என்னைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குக் கருவியை இறக்குவதற்கு முன் நான் கிணற்று வாயில் கையைத் துடைத்துவிட்டு ஒரு துணியை அதன் விளிம்பில் போட்டேன். துணி மெல்ல உள்ளே இழுபட்டது. காற்று இல்லாத காலை. நான் துணியை எடுத்து மறுபடி போட்டேன். மறுபடியும் இழுத்தது. மதியம் திரும்பி வந்து பார்த்தபோது அதே துணி வெளிப்பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. கிணறுகள் மூச்சு விடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நான் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குக் கேலி வரவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அந்தத் துணியை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

படம் வந்தது. மேலிருந்து கீழாக, எதிரெதிரே, இரண்டு நேர்கோடுகள். அண்ணனைப் புதைத்துவிட்டு, மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்திருந்தார் அத்தான். தாடி மழிக்கவில்லை. காகிதத்தை விரித்துப் பார்த்தார், சுருட்டினார். துளையிட்ட அழுத்தத்தில் வந்த வெடிப்பு, உள்ளே போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அவ்வளவு சேறு எங்க அத்தான் போச்சு?" என்று கேட்டேன்.

"சேறு கனமாயிருந்துச்சு, கல்லு வெடிச்சுது, அந்த வெடிப்புல போச்சு. எனக்குப் பாடம் எடுக்கிறியா மாப்ளே?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பத்தில் ஒன்பது முறை அது அப்படித்தான் இருக்கும்.

இயற்கை விரிசல் இல்லை என்றால் எண்ணெய்க்கு வழி இல்லை. வழி இல்லாவிட்டால் ஆசிட் இறக்கி வழி பண்ணுவார்கள். சுண்ணாம்பை ஆசிட் தின்னும். ரிக்குக்குப் பொறுப்பாக இருந்த இஸ்ஃபஹான்காரர், மொஹந்தெஸ், அதாவது என்ஜினியர், வுஸூகி, அதற்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். நல்ல மனுஷர். எங்களுக்கெல்லாம் ஊரிலிருந்து மிட்டாய் கொண்டுவந்து தருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பர்தே சியாவில் அதற்குள் வேறு பேச்சு தொடங்கியிருந்தது.

முதலில் கோழிகள். ஊற்றோரம் தாழ்ந்த கொட்டிலில் அடைத்திருந்தவை காலையில் வரிசையாகப் படுத்திருந்தன. ரத்தம் இல்லை, கடி இல்லை. பிறகு நாய்கள் பள்ளத்தில் படுப்பதை விட்டு மேட்டுக்கு ஏறிப்போய்ப் படுத்தன. கூப்பிட்டாலும் வரவில்லை. ஒரு மாலை நாங்கள் துக்க வீட்டுக்குப் போனபோது, அல்லாமொராத்தின் மனைவி மாஹ்பேகம் தன் தலைக்குல்லாயைக் கழற்றி எங்கள் முன்னால் வைத்தாள். கல்யாணத்துக்குத் தைத்த குல்லாய், நெற்றி ஓரம் முழுக்க வெள்ளிக் காசுகள். ஒவ்வொரு காசும் கரிபோலக் கறுத்திருந்தது.

"ஒரே ராத்திரி கொழுந்தனாரே. நேத்து சாயங்காலம் தொடைச்சு வச்சேன். பக்கத்து வீட்டுக்காரிங்க காசும் கறுத்துப்போச்சு. அவருதான். இன்னும் போகல. வீட்டுக்குள்ளதான் சுத்துறாரு."

"அண்ணி, கந்தக வாடைக்கு வெள்ளி கறுக்கும். ஊற்று கொஞ்சம் கூடியிருக்கு போல."

"அம்பது வருஷமா கூடாத ஊற்று, அவரு செத்ததும் கூடுச்சா?"

அறை மூலையில், தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரலளவு விரிசல். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தான் குனிந்து புறங்கையை அதன் முன் வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. சீராக, நின்று நின்று, தூங்குகிறவர் விடும் மூச்சுபோல. அந்தப் பக்கம் இருந்த விளக்கின் சுடர் ஓரத்தில் நீலமாக நின்றது. அத்தான் அந்த விளக்கை ஊதி அணைத்தார். மாஹ்பேகம் அழத் தொடங்கினாள், துக்க வீட்டில் விளக்கை அணைப்பார்களா என்று.

நாற்பதாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் காலை. குளிர்காலத்தில் மந்தையோடு தங்கும் இடங்களிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளம் முழுக்கக் கறுப்புக் கூடாரம். நானும் அத்தானும் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மாஹ்பேகம் ஊற்றிலிருந்து வாளியோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு மாதிரி வெளிச்சம்.

"பாருங்க. அவருக்கு அக்ரூட்டுன்னா உசுரு, உங்களுக்கே தெரியும். சட்டைப் பையில எப்பவும் கிடக்கும். ஊற்றுக்குள்ள உக்காந்து தின்னுக்கிட்டிருக்காரு."

வாளித் தண்ணீரில் அக்ரூட் ஓட்டுத் துணுக்குகள் மிதந்தன. அத்தான் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். எல்லாம் ஒரே அளவு. பல்லால் கடித்த ஓடு அப்படி இருக்காது. சல்லடையில் சலித்த ஓடுதான் அப்படி இருக்கும்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நாங்கள் கிணற்றில் போட்ட ஓடு, மலைக்கு அடியில் இருட்டில் எங்கெங்கோ ஊர்ந்து, இந்தப் பெண்ணின் வாளிக்கு வந்து சேர்ந்திருந்தது. பேய் வந்து தின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"மாப்ளே, வண்டியை எடு" என்றார் அத்தான். வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினார். "செங்குத்தான விரிசலுக்குள்ளயே செங்குத்தா துளை இறங்கினா அலை விழாது. நேர்கோடுதான் விழும். ரெண்டு. எதிரெதிரா. நான் அதைத்தான் பாத்திருக்கேன். கிணறு விரிசலை வெட்டல கோத்ரத். விரிசலுக்குள்ளயே இறங்கியிருக்கு. ஊற்று வரைக்கும் ஓடுற விரிசல் இது, நாளைக்கு ஆசிட் இறக்கினா விஷக் காத்தை அந்த வழியா பள்ளத்துக்குத் தள்ளிடும்."

ரிக்கில் வுஸூகி பொறுமையாகக் கேட்டார். அத்தானின் உள்ளங்கையில் இருந்த ஓட்டுத் துணுக்குகளையும் பார்த்தார்.

"லொஹ்ராஸ்ப் ஐயா, உங்க மலையில அக்ரூட் ஓடு கிடக்கிறது அதிசயமா? நாளைக்குத் துக்கத்துக்கு எத்தனை மூட்டை அக்ரூட் வந்திருக்கும், சொல்லுங்க."

"அளவைப் பாருங்க."

"பாத்தேன். நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் பாத்தேன். அஹ்வாஸ் தலைமை ஆபீஸ் வரைக்கும் போயாச்சு அது. ஆசிட் தொட்டியில நிக்குது, நாளைக்கு இறக்கலேன்னா தொட்டியவே தின்னுடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க. அண்ணனைப் பறிகொடுத்திருக்கீங்க. கையெழுத்துப் போட்டப்ப புத்தி தெளிவா இருந்துச்சா, இல்ல இப்ப தெளிவா இருக்கா?"

வுஸூகி எங்கள் எதிரிலேயே ரேடியோவில் அஹ்வாஸைக் கூப்பிட்டார். அவர்கள் பேசிப் பேசி, திட்டப்படி நடத்தலாம் என்றார்கள். அந்தத் திட்டமோ அத்தானின் கையெழுத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அத்தான் திரும்பி வந்து எங்கள் வகையறாவின் தலைவர் கா நாமதாரிடம் போனார். பெரியவர்களை மரியாதையாக நாங்கள் 'கா' என்போம். வெள்ளைத் தாடி, காது மந்தம், பிடிவாதத்தில் கழுதைக்குப் பாடம் எடுப்பார்.

"காரியத்தை மேட்டுல வச்சுக்கலாம், கா. ஒரே ஒரு நாள். பள்ளத்துல யாரும் இருக்க வேணாம். விஷக் காத்து வரும்."

"செத்தவனோட வீட்டை விட்டுட்டு மேட்டுல உக்காந்து அழுதா, அவன் நம்மளை எங்க வந்து தேடுவான்? அவன் காசைக் கறுக்க வச்சுக் கூப்பிடுறான், ஊற்றுல இருந்து கூப்பிடுறான், நாற்பதைச் சரியா பண்ணுங்கடான்னு கேக்குறான். நீ ஓடிப்போகச் சொல்றியா? படிச்சவன்தானே நீ?"

"படிச்சதுனாலதான் சொல்றேன்."

"போ, போய் டீயைக் குடி."

நாற்பதாம் நாள் நல்ல வெயில். பள்ளத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தேநீர்ச் சமோவார்கள் கொதித்துக்கொண்டிருந்தன. நடுவில் துக்கக் குதிரை. அதன் சேணத்தின் மேல் அல்லாமொராத்தின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பளி அங்கியைப் போர்த்தி, குறுக்கே அவர் துப்பாக்கியைக் கட்டியிருந்தார்கள். ஆள் இல்லாத அங்கி ஆள் உட்கார்ந்ததுபோலவே விறைத்து நின்றது. ரஹ்மான்குலி என்ற கிழவர் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட கொம்பில் சாவுப் பாட்டை ஊதினார். பெண்கள் ஒப்பாரியில் அல்லாமொராத்தைச் சதுப்புக்குள் இறக்கினார்கள், முதல் ஆளை முதுகில் ஏற்றினார்கள்.

மேட்டுக்கு அப்பால் ஆசிட் இறக்கும் பம்புகள் உறுமத் தொடங்கின. காலுக்கடியில் தரை மெல்ல அதிர்ந்தது. வாடை ஏறியது. பெண்கள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு பாடினார்கள். பிறகு, ஒரு பாட்டு முடியும் நேரத்தில், வாடை சட்டென்று இல்லாமல் போனது.

கா நாமதார் கையை வானத்துக்குத் தூக்கினார். "போயிடுச்சு! வாடை போயிடுச்சு! பாத்தீங்களா, அல்லாமொராத் சமாதானமாயிட்டான்!"

கூட்டம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. அத்தானின் விரல்கள் என் கையில் அழுந்தின.

"போகல மாப்ளே. மூக்கு செத்துப்போச்சு. இது அதிகமானா வாடை தெரியாது. கண்ணு எரியுதா உனக்கு?"

எரிந்தது. எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. துக்க வீட்டில் யார் அதைக் கவனிப்பார்கள்?

அவர் எழுந்து நின்று கத்தினார். "எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க! விஷம்! தரையோட தரையா வருது, எழுந்திரிங்க!" சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "பாவம், அண்ணன் போன துக்கம்" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் அவருக்குத் தேநீர்க் குவளையை நீட்டினார். நான் என் அக்காவையும் அவள் மகள்களையும் இழுத்து மேட்டுப் பக்கம் தள்ளினேன். மற்றவர்கள் அசையவில்லை. சாவு வீட்டில் எங்கள் ஆட்களை எழுப்ப எமனாலும் ஆகாது.

அத்தான் குதிரையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நடந்து போய்க் கடிவாளத்தைப் பிடித்தார். ஒப்பாரி மூன்றாவது ஆளைச் சுமந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்றார். பாட்டு அறுந்தது. "யாரைச் சுமந்தான்? ஒருத்தனையும் சுமக்கல. எங்கிட்ட அவனே சொன்னான். மூணு பேரையும் சேத்துல விட்டுட்டு ஓடி வந்தான். அந்த மூணு பேரும் தப்பிச்சு வந்தப்புறமும் இவன் மானம் போகக் கூடாதுன்னு வெளிய சொல்லல. ஒரு கோழைக்குப் போயி கூட்டம் கூடி அழுவுறீங்களா? இந்தத் துப்பாக்கி அவனுக்கு எதுக்கு?"

அதற்குப் பிறகு அவர் செய்ததை எங்கள் மலையில் யாரும் செய்ததில்லை. இறந்தவருடைய அங்கியின் மேலேயே ஏறி உட்கார்ந்து, துக்கக் குதிரையை மேட்டை நோக்கி விரட்டினார்.

முதலில் எழுந்தது மாஹ்பேகம். செருப்பு இல்லாமல், முக்காடு நழுவ, கையில் கிடைத்த கல்லோடு ஓடினாள். அவள் பின்னால் பெண்கள். தடியோடு ஆண்கள், தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள். நடக்க முடியாத கா நாமதாரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். அவன் ரத்தத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் கத்திக்கொண்டே போனார். வகையறாவில் ஒருவர் மிச்சமில்லாமல் அந்தச் சரிவில் ஏறினார்கள். அங்கியின் கைகள் இரண்டு பக்கமும் படபடக்கக் குதிரை முன்னால் போயிற்று. அல்லாமொராத்தே தம்பியை மடியில் வைத்து எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது எனக்கு.

மேட்டின் உச்சியில் அவரைப் பிடித்துவிட்டார்கள். குதிரையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "பாத்துட்டு அடிங்க, கீழ பாத்துட்டு அடிங்க!" என்று நான் நடுவில் விழுந்து கத்தினேன். எனக்கும் விழுந்தது.

மாஹ்பேகம்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். ஓங்கிய கல் அவள் கையிலேயே நின்றது.

கீழே பள்ளத்தில் புகை இல்லை, நெருப்பு இல்லை. சமோவார்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அறுக்கக் கட்டி வைத்திருந்த ஆடுகள், கத்தாமல், ஒவ்வொன்றாக முன்னங்கால் மடக்கிப் படுத்தன. ஊற்றோரம் தொடங்கி, வரிசை மாறாமல், யாரோ நடந்து வந்து ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுவிட்டுப் போவதுபோல.

கொம்பு மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

ரஹ்மான்குலி எங்கள் வகையறா இல்லை. கூலிக்கு ஊத வந்தவர். அல்லாமொராத்தைக் கோழை என்றால் அவருக்கு என்ன? கண்ணை மூடியபடி, கூட்டம் போனதுகூடத் தெரியாமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினோம். நான் கீழே ஓடப் பார்த்தேன். தரையில் கிடந்த அத்தான் முறியாத கையால் என் காலைப் பிடித்துக்கொண்டார். "போகாத. போனா நீயும் வர மாட்ட." உதறினேன், விடவில்லை. கொம்பு ஒரு இழுப்பை இழுத்துக்கொண்டே போய், பாதியில் நின்றது. அந்தப் பாதிப் பாட்டு இன்றைக்கும் என் காதில் முடியாமல் நிற்கிறது. அதற்கு மருந்து இல்லை.

பம்பை நிறுத்தினார்கள். கிணற்றில் சிமெண்டை இறக்கி மூடினார்கள். பர்தே சியாவைச் சுற்றி வேலி போட்டு, மக்களுக்கு வேறு பக்கம் வீடு கொடுத்தார்கள். வுஸூகி மருத்துவமனைக்கு வந்து, அத்தானின் கட்டிலருகே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். ரஹ்மான்குலியின் மகன்களிடம் அத்தான் தாமே போய்த் தலைகுனிந்து நின்றார். கா நாமதார் குர்ஆனோடும் ஒரு ஆட்டுக் கடாவோடும் வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார். "எங்க எல்லாருக்கும் ரெண்டாவது தடவை உசுரு குடுத்தவன் நீ" என்றார். அடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கையில் கட்டோடு படுத்திருந்த அத்தான் எல்லோரிடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அண்ணனைப் பத்திச் சொன்னது பொய். உங்களை ஓட வைக்கச் சொன்னேன். வேற எதைச் சொன்னாலும் நீங்க எழுந்திருக்க மாட்டீங்க."

"தெரியும்டா, தெரியும்" என்றார்கள் எல்லோரும். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

மாஹ்பேகம் கடைசியாக வந்தாள். என் அக்கா எழுந்து இடம் விட்டாள். மாஹ்பேகம் உட்காரவில்லை.

"என் பிள்ளைங்க உசுரோட இருக்குதுன்னா அது உங்களாலதான் கொழுந்தனாரே. நான் மறக்க மாட்டேன்."

"அண்ணி, நான் சொன்னது பொய். அவரு மேல சத்தியம்."

"முதல்ல உள்ள போற விரிசலே இல்லன்னு கையெழுத்துப் போட்டீங்களாமே. அப்புறம் இருக்குன்னீங்க. இப்ப இது பொய்யின்னு சத்தியம் பண்றீங்க. உங்க வார்த்தையில நான் எதை எடுத்துக்க?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ராத்திரி பக்கத்துல படுத்திருப்பாரு, தூக்கத்துல அழுவாரு. போர் நினைப்புன்னு இருந்தேன். இப்ப என்ன நினைப்புன்னு தெரியல. சுமந்தாரா, விட்டுட்டு வந்தாரா? கேக்கலாம்னா அவரும் இல்ல, அந்த மூணு பேரும் இல்ல."

அவள் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஒரு கை நேராக நீளாது. எதிரெதிரே இரண்டு நேர்கோடு வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டார். சேற்றுக் கணக்கைக் கேட்பார், விரிசல் எவ்வளவு ஆழம் என்று ஒலியால் பார்க்கும் கருவியையும் இறக்கச் சொல்வார், எனக்கும் தூக்கம் போகும். சின்ன என்ஜினியர்கள் சிரிப்பார்கள், நான் அவர்களை முறைப்பேன்.

ஒரு முறை லாரியில் தனியாக வரும்போது நானும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அத்தான், பொய்தானே?"

"பொய்தான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீயுமா?" என்றார்.

எங்களில் வீரனாக இறந்தவனுடைய கல்லறை மேல் கல்லில் செதுக்கிய சிங்கம் வைப்போம். அல்லாமொராத்துக்கும் செய்யச் சொல்லியிருந்தார்கள். சிங்கம் எப்போதோ செதுக்கி முடித்தாகிவிட்டது, கல்தச்சர் முற்றத்தில் கிடக்கிறது. வேண்டாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கொண்டுவரவும் யாரும் போகவில்லை.